காவலுக்குப் போறவருக்கு எதுக்குங்க மிலிட்டரி சட்டை?

முதல்லயே சொல்லிடுறேன், இது வேட்டைப் பதிவு இல்லீங்க. 1972ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் நம்ம நாட்டுல வேட்டைங்கிறது பொழுதுபோக்கு இல்ல, குற்றம். ஆனா வேட்டைக்காரன் போடுற சட்டையில இருந்து நம்மூரு விவசாயி கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

போன வருஷம் கார்த்திகை மாசம் அது. கனடாவுல ஒண்டாரியோ பக்கம் இருக்குற எங்க அத்தை மகன், குடும்ப வாட்ஸப் குழுவுல ஒரு போட்டோ போட்டான். அங்க லைசென்ஸ் எடுத்தா மான் வேட்டைக்குப் போகலாம். கூட வேலை பாக்குறவங்க கூப்பிட்டாங்கன்னு இவனும் கெளம்பிட்டான். சுத்தி ஒரே மரம், இலையெல்லாம் கொட்டிப்போய்க் கெடக்கு. நடுவுல நம்மாளு பளீர்னு ஆரஞ்சுக் கலர் கோட்டு, ஆரஞ்சுக் கலர் குல்லா. வெள்ளரிப் பழத்துக்குக் கைகால் மொளைச்ச மாதிரி நிக்கிறான்.

எங்க சித்தப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ஏண்டா, இந்தக் கலரைப் பாத்தா மானு நின்னு போஸ் குடுக்குமா? அடுத்த தாலுக்காவுக்கு ஓடிடாது?"

எனக்கும் அதே சந்தேகம்தான். போன் போட்டுக் கேட்டேன். அவன் சொன்னதுக்கப்புறம் நானும் தேடிப் படிச்சேன். விஷயம் இதுதான். நம்ம கண்ணுல நிறத்தைப் பிரிச்சறியுற செல் மூணு வகை. மானுக்கு ரெண்டே வகை. அதனால நமக்குப் பளிச்சுனு தெரியுற ஆரஞ்சு, அதுக்கு மங்கலா, சுத்தி இருக்குற செடிகொடியோட கலந்த மாதிரிதான் தெரியும். மனுஷன் கண்ணுலதான் அது தீப்பந்தம் மாதிரி அடிக்கும். ஒண்டாரியோவுல துப்பாக்கியோட மான் வேட்டைக்குப் போற சீசன்ல ஆரஞ்சு போட்டே ஆகணும்னு சட்டமே இருக்கு. இடுப்புக்கு மேல குறைஞ்சது 400 சதுர அங்குலம், எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் தெரியணும். தலைக்கும் ஆரஞ்சுதான். மானுன்னு நெனச்சு இன்னொரு வேட்டைக்காரன் சுட்டுடக் கூடாதுல்ல, அதுக்கு.

அதாவது, மிருகத்துக்கிட்ட மறைஞ்சுக்கோ, மனுஷனுக்குத் தெரியிற மாதிரி நில்லு. இதை மனசுல வெச்சுக்கிட்டு அப்படியே எங்க ஊருக்கு வாங்க.

ஆலத்தியூர், அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம். சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலை இருக்குற ஊரு. ராத்திரி பகல்னு இல்லாம லாரி ஓடுற ரோடு. மீதி நெலத்துல முந்திரி, பருத்தி, மக்காச்சோளம். சோளம் கதிர் பிடிக்கிற நேரமும் பனி கொட்டுற நேரமும் ஒண்ணு. கருவைக் காட்டுக்குள்ள இருந்து பன்னி வர்ற நேரமும் அதேதான். ஒரு கூட்டம் எறங்குச்சுன்னா ஒரே ராத்திரியில அரைக் காணி காலி. தின்னது கால்வாசி, ஒடிச்சுப் போட்டது முக்கால்வாசி.

பன்னியை நாம சுட முடியாது. 2025 ஜனவரியில தமிழக அரசு ஒரு முடிவு சொல்லுச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறைக்காரங்க சுடலாம்னு. அவங்கதான் சுடலாம், விவசாயி இல்ல. அவங்க வர்ற வரைக்கும் சோளத்தை யாரு பாக்குறது? சிலபேரு வேலியில கரண்டு குடுக்குறாங்க. அது சட்டப்படி குத்தம்ங்கிறது ஒரு பக்கம், பன்னிக்கு வெச்ச கம்பியில மனுஷன் சாவுற செய்தி வருஷா வருஷம் பேப்பர்ல வருது. மிச்சம் இருக்குற ஒரே வழி, ராத்திரிக் காவல். பரண் மேல ஏறி உக்காந்து, டார்ச் அடிச்சு, தகரத்தைத் தட்டி, விடிய விடிய முழிச்சுக் கெடக்குறது.

எங்க சித்தப்பா அம்பத்தெட்டு வயசுல அதைத்தான் பண்றாரு. அவருக்குக் குளிருக்குச் சட்டை வாங்கணும்னு திருச்சியில கடைவீதிக்குப் போனப்ப, இலைப்பச்சையும் காவியும் கலந்து மிலிட்டரி டிசைன் போட்ட ஜெர்கின் ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு. "இதாண்டா காவலுக்குச் சரி. பன்னிக்கு நம்ம இருக்குறதே தெரியாது"ன்னாரு. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு.

மார்கழி பொறந்து பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். விடிகாலை அஞ்சு மணி. காவல் முடிஞ்சு ரோட்டோரமா நடந்து வந்துட்டு இருந்தவரை ஒரு டிப்பர் லாரி ஒரசித் தள்ளிடுச்சு. பனிமூட்டம். கைலியும் கருப்பு, ஜெர்கினும் செடி கலரு. ஓரத்துல இருந்த பள்ளத்துல உருண்டுட்டாரு. டிரைவர் ஓடிப்போகல, அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடணும். அவரேதான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நான் போய்ச் சேந்தப்ப வராண்டாவுல உக்காந்து அழுதுட்டு இருந்தாரு. "சத்தியமா ஆளு நடந்து வர்றதே தெரியலைங்க. வேலிச் செடின்னு நெனச்சேன்"னு திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு.

காரை எலும்பு முறிஞ்சதோட போச்சு. பொழச்சுக்கிட்டாரு. ஆனா அந்த டிரைவர் சொன்ன வார்த்தை எனக்கு மண்டையில ஏறி உக்காந்துக்கிச்சு. செடி மாதிரி தெரியணும்னுதானே அந்தச் சட்டையைத் தச்சிருக்கான்? தச்சவன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கான். வாங்கின நாங்கதான் தப்பு.

யோசிச்சுப் பாருங்க. காவலுக்குப் போறவரு எதுக்கு ஒளியணும்? வேட்டைக்காரனுக்கு மிருகம் பக்கத்துல வரணும். காவக்காரனுக்கு அது வரவே கூடாது. "இங்க ஆளு இருக்கு"ன்னு பன்னிக்குத் தெரிஞ்சா நம்ம பொழப்பு பாதி முடிஞ்ச மாதிரி. போதாக்குறைக்குப் பன்னிக்குக் கண்ணு சுமாருதான், மூக்குதான் எல்லாம். மூக்கை நம்பி வாழுற மிருகத்துக்கிட்ட சட்டை டிசைனைக் காட்டி என்ன பிரயோஜனம்? ஆக அந்த ஜெர்கின் பன்னிக்கிட்டயும் மறைக்கல, லாரிக்காரன் கிட்ட மட்டும் மறைச்சிருக்கு. கனடாக்காரன் செய்யிறதுக்கு நேர் தலைகீழ்.

கணக்காவே சொல்றேன். 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு நொடியில பதினாறு மீட்டருக்கு மேல தாண்டிடும். டிரைவர் கண்ணுல நாம பட்டு, அவரு மூளைக்கு ஒறைச்சு, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஒரு நொடி ஓடிடும். அதுவரைக்கும் வண்டி வேகம் குறையவே குறையாது. லோடு ஏத்தின வண்டி நிக்க அதுக்கு மேலயும் தூரம் வேணும். அந்தத் தூரத்துக்கு முன்னாடியே நாம தெரிஞ்சாகணும். கருப்புக் கைலி அதைச் செய்யாது. வெளிச்சம் பட்டா திருப்பி அடிக்கிற பட்டை தச்ச மேல்சட்டை செய்யும். விலை நூறு, நூத்தம்பது ரூபாதான்.

சரி, குளிருக்கு என்ன போடறது? இதுலயும் நாம தப்பாத்தான் பண்றோம்னு நெனைக்கிறேன். எங்கூரு மார்கழி விடியல் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கனடாக்காரன் கேட்டா சிரிப்பான். ஆனா பனியில நனைஞ்சு, காத்துல உக்காந்து, அசையாம ஆறு மணி நேரம் இருந்து பாத்தாத்தான் அந்த இருபதோட யோக்கியதை தெரியும்.

அத்தை மகன் சொன்ன மொதல் பாடம், உடம்பை ஒட்டிப் பருத்தி போடாதேங்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாம பொறந்ததுல இருந்து பருத்திதானய்யா! ஆனா காரணம் நியாயமா இருக்கு. துணி தானா சூடு குடுக்கிறதில்ல, தனக்குள்ள காத்தைப் பிடிச்சு வெச்சுக்குது, அந்தக் காத்துதான் உடம்புச் சூட்டை வெளிய விடாமக் காக்குது. பருத்தி தண்ணியை உறிஞ்சும். காத்து இருந்த எடத்துல தண்ணி வந்து உக்காந்துக்கும். தண்ணி காத்தை விட இருவது மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். கொல்லைக்கு வேகமா நடந்து போறப்ப வேர்க்குது, பனியன் நனையுது, பரண்ல உக்காந்தப்புறம் அதே பனியன் முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி ஒட்டிக்குது. வெயில் காலத்துல பருத்தி நமக்குத் தெய்வம். பனிக்காலத்துல, அதுவும் நனைஞ்ச பருத்தி, எதிரி.

அதனால என் சிபாரிசு இது (கடைக்காரன் யாரும் எனக்குக் காசு குடுக்கல :-)):

உள்ள, பசங்க வாலிபால் ஆடுறப்ப போடுற பாலியெஸ்டர் ஜெர்சி. வேர்வை பட்டாலும் சீக்கிரம் காஞ்சிடும். அதுக்கு மேல கம்பளி ஸ்வெட்டர். கம்பளி கொஞ்சம் நனைஞ்சாலும் சூட்டை விடாது. நம்ம கீதாரிங்க கருப்புக் கம்பளியோட மழையிலயும் பனியிலயும் கெடக்குறாங்களே, சும்மாவா? அதுக்கும் மேல காத்தும் பனியும் உள்ள புகாத மெல்லிசு கோட்டு. மழைக்கோட்டு இருந்தாக்கூடப் போதும், ஆனா நடக்கிறப்ப முன்னாடி தொறந்து விட்டுக்கணும், இல்லாட்டி வேர்வையிலயே நனைஞ்சிடுவோம். எங்க தாத்தா காலத்துல கோணிச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டுப் போவாங்க. அதுவும் இதே தத்துவம்தான். ஒரே தடி ஜெர்கின் போட்டா இந்த வசதி இல்ல. போட்டா வேர்க்கும், கழட்டுனா நடுங்கும்.

தலைக்கும் காதுக்கும் குல்லா. ரெண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துட்டுப் போயி, பரண் ஏறினதும் ஈரத்தைக் கழட்டிட்டுக் காஞ்சதைப் போட்டுக்கணும். காலுக்கு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். பனிக்கு மட்டும் சொல்லல. ஒரு ஆய்வுக் கணக்குப்படி 2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல சராசரியா வருஷத்துக்கு 58,000 பேர் பாம்புக் கடியில செத்திருக்காங்க. அதுல பெரும்பாலும் நம்மள மாதிரி கிராமத்து ஜனம். செருப்பு, கைலியோட இருட்டுல வரப்பு மேல நடக்கிறவங்கதான் கண்ணாடி விரியனை மிதிக்கிறது. கண் அசந்தா தரையில படுக்கவும் கூடாது. கட்டு விரியன் தூங்குறவங்களத்தான் தேடி வந்த மாதிரி கடிக்கும். பரண் மேலயே படுங்க.

இதெல்லாத்துக்கும் மேல, அந்த ஆரஞ்சுப் பட்டைச் சட்டை. இதுதான் கடைசி, இதுதான் முக்கியம்.

ஆனா இங்கதான் ஒரு சிக்கல். நான் வாங்கிட்டுப் போய்க் குடுத்தப்ப சித்தப்பா தொடவே இல்ல. "இது கம்பெனியில கான்ட்ராக்ட் ஆளுங்க போடறதுடா. நான் சம்சாரி. என் கொல்லைக்கு நான் போறதுக்கு இதை மாட்டிக்கிட்டுப் போனா ஊரு என்ன பேசும்?"ன்னாரு. எங்க ஊருல ஆரஞ்சுச் சட்டைன்னா கூலிக்குப் போறவன். மிலிட்டரி சட்டைன்னா வீரன். குளிரைப் பாத்தோ, பன்னியைப் பாத்தோ, லாரியைப் பாத்தோ அவரு சட்டை எடுக்கல. ஊரு கண்ணைப் பாத்துத்தான் எடுத்திருக்காரு.

எனக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் நிதானமா யோசிச்சா, நான் மட்டும் என்ன யோக்கியம்? பைக்குல போறப்ப ஹெல்மெட்டை டேங்க் மேல வெச்சுட்டுப் போற ஜாதிதானே நானும். மானத்துக்கும் உயிருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா நம்ம ஆளுங்க எப்பவும் மானத்தைத்தான் எடுப்பாங்க. அதனால "உயிரு முக்கியம் சித்தப்பா"ன்னு சொல்லிப் புண்ணியமில்ல. அந்தச் சட்டையில இருக்குற அவமானத்தைத்தான் கழட்டணும்.

அத்தை மகன் போட்டோவைத் திரும்ப எடுத்துக் காட்டினேன். "இவன் கூலிக்காரனா சித்தப்பா? துப்பாக்கி தூக்கிட்டு நிக்கிறான், லட்ச லட்சமா சம்பாதிக்கிறான், அவனே போட்டுருக்கான் பாருங்க"ன்னேன். ஒண்ணும் பேசல. இதுல எனக்கே ஒரு குறுகுறுப்புங்க. கூலிக்குப் போறவரு போடுறது கேவலம், கனடாக்காரன் போட்டா கௌரவம்னு நானே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. உண்மையில அந்த கான்ட்ராக்ட் ஆளுங்கதான் எங்க ஊருலயே விவரமா உடுத்துறவங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு அதே ரோட்டுலதான் நடந்து வீட்டுக்குப் போறாங்க. அவங்க நடந்து வர்றது தூரத்துலயே தெரியுது.

தை பொறந்து, தோள்பட்டைக் கட்டைப் பிரிச்சு, சித்தப்பா மறுபடி காவலுக்குக் கெளம்பின அன்னைக்கு நான் பேசாம நின்னேன். சித்திதான் அந்தச் சட்டையைக் கொண்டாந்து அவரு தோள்ல போட்டாங்க. "கொல்லையில போய்க் கழட்டிக்குங்க, ரோட்டுல மட்டும் போட்டுக்குங்க"ன்னாங்க. மொணகிக்கிட்டே போட்டுக்கிட்டாரு. ரோட்டு முனை திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன். எதுத்தாப்புல வந்த லாரி வெளிச்சத்துல முதுகுல ரெண்டு கோடு மினுக்குனு எரிஞ்சுச்சு. லாரி ஒதுங்கிப் போச்சு.

உங்க ஊருல ராத்திரிக் காவலுக்குப் போற சித்தப்பாவோ மாமாவோ இருந்தா, இந்தப் பொங்கலுக்கு வேட்டி சட்டையோட இதையும் ஒண்ணு சேத்து எடுத்துக் குடுங்க. போட வைக்கிறது எப்படின்னு கேக்காதீங்க. அது என் கையில இல்ல, எங்க சித்தி மாதிரி ஆளுங்க கையிலதான் இருக்கு.