அம்மாவுக்குப் பின்னால் முள்ளுக்கம்பி

படம் கீறுவது என்றுதான் யாழ்ப்பாணத்தில் சொல்வோம். இங்கே ரொறன்ரோவில் ஒரு தமிழ்நாட்டு நண்பரிடம் “நான் படம் கீறுறனான்” என்றேன். “கீறினா கிழிஞ்சிடாதா?” என்று சிரித்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிழிந்துதான் போனது. யார் கிழித்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என் அம்மாவுக்குச் செய்யும் துரோகம்.

1995 ஒக்ரோபர் 30. யுத்தத்தில் வலிகாமமே ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம், சனம், சனம். ஓரடி வைக்க எவ்வளவு நேரம் நின்றோம் என்று கணக்கில்லை. ஆட்கள் காணி உறுதியைத் தூக்கி வந்தார்கள், நகையைத் தூக்கி வந்தார்கள், அரிசி மூட்டையைத் தூக்கி வந்தார்கள். என் அம்மா என் படங்களைச் சுருட்டி, பொலித்தீன் பையில் சுற்றி, சேலைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தா. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை கிடைத்தது. அங்கே கயிறு கட்டி, நனைந்த கடுதாசிகளை உடுப்புக் காயப்போடுவது போல ஒவ்வொன்றாகக் காயப்போட்டா. நிறமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, எது கடல் எது வானம் என்று தெரியவில்லை. “பரவாயில்லையடா, நீ திருப்பிக் கீறுவாய்தானே” என்றா.

என்னை இங்கே அனுப்பத் தாலிக்கொடியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டியதும் அவதான். வந்து இறங்கினேன். கோப்பை கழுவினேன். இரவில் கழுவிவிட்டுப் பகலில் ஒரு பேஸ்மென்றில் இருந்து கீறினேன். சோப்புத் தண்ணியில் ஊறி விரல் நுனி வெடித்திருக்கும். தூரிகையைப் பிடித்தால் எரியும். அதைச் சொல்லி நான் யாரிடமும் அழவில்லை. எங்கள் ஆட்களில் கோப்பை கழுவாதவன் யார்?

பிறகு அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டேன். ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டில் ஒரு பஸ் தரிப்பு. ஒவ்வொரு வெள்ளியும் அம்மா கோயிலுக்குப் போக அங்கே நிற்பா. தடித்த வின்ரர் ஜக்கெற்றுக்குக் கீழே சேலை. சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்து. சேலைக்கரை பனியில் நனைந்து, பிறகு அந்தக் குளிரிலேயே உறைந்து, மட்டை போல விறைத்து நிற்கும். அவ நடக்கும்போது அது சப்பாத்தில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்கும். அதை நான் கீறினேன். நான் கீறியதிலேயே உண்மையான படம் அதுதான். அதிலே எனக்கு ஊரும் இருந்தது, இந்த நாடும் இருந்தது. ஒரே சேலைக்கரையில் இரண்டும் இருந்தன.

ஒரு காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அது 2010. ஓகஸ்ட் மாதம் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களைப் பிடித்து அடைத்து வைத்தது இந்த நாடு. பயங்கரவாதிகளோ என்று பேப்பரும் ரீவியும் கேட்டுக்கொண்டிருந்தன. அதே நாட்களில்தான் எங்கள் துயரத்துக்கு இந்தக் காட்சிக்கூடம் ஒரு சுவரை ஒதுக்கியது! ஆளை அடைக்கச் சிறை, அவன் காயத்தை மாட்டச் சுவர். இதற்கு என்ன பெயர்?

காட்சிக்கூடத்து அம்மையார் ஒருவர் என் படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதில் யுத்தம் எங்கே?”

யாரிடம் படித்தாய் என்று கேட்டார்கள். மாற்கு மாஸ்டரின் பெயரைச் சொன்னேன், எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கே கீறச் சொல்லிக் கொடுத்தவர் என்று. எழுத்துக்கூட்டச் சொன்னார்கள், எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கொழும்பு 43 குழுவின் ஓவியர் ஐவன் பீரிஸைப் பற்றிச் சொன்னேன். அவர் இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டு இலங்கைக் கடற்கரையைக் கீறியவர். 1988இல் சாகும்வரை அந்தக் கரை அவர் படங்களில் இருந்தது. அவரைத் தன் கடலைக் கீற விட்டார்களே, என்னை என் அம்மாவின் பஸ் தரிப்பைக் கீற ஏன் விடவில்லை? அகதி என்றால் ஆயுள் முழுக்க அழுதுதான் காட்ட வேண்டுமா? எங்கள் பிணங்களைக் கீறினால் கலை, எங்கள் அம்மாமார் பஸ்ஸுக்கு நின்றால் அது ஒன்றுமே இல்லையா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவுக்குப் பின்னால், அந்த வெள்ளைப் பனியில், முள்ளுக்கம்பி கீறினேன். கறுப்பில். மூன்று வரி. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்தக் காட்சியில் முதலில் விலைபோன படம் அது.

வெள்ளைக்காரரை மட்டும் சொன்னால் நான் பொய்யன். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒரு பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு இருபது அடிக்குச் சிதம்பரம் கோபுரம் கேட்டார்கள். மூன்று கிழமை, முழங்காலில் இருந்து கீறினேன். மண்டபத்துக்குக் காசு, பூக்காரருக்குக் காசு, வீடியோக்காரருக்கு முற்பணம். எனக்கு ஒரு பொன்னாடை. “பேர் வரும்தானே தம்பி.” அடுத்த வருசம் என் கோபுரத்தைப் போட்டோ பிடித்து, பனர் அடித்து, வேறொரு அரங்கேற்றத்தில் கட்டியிருந்தார்கள். நான் பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்தேன். “இன்னும் கீறிக்கொண்டோ இருக்கிறியள்? பிள்ளையளுக்கு என்ன வழி?” என்று பக்கத்தில் இருந்தவர் என்னைத்தான் கேட்டார். தமிழ், பண்பாடு, வேர் என்று மேடைக்கு மேடை முழங்குகிறீர்களே, அந்த வேருக்குத் தண்ணி ஊற்றுகிறவனின் வீட்டு வாடகையை யார் கட்டுவது?

ஊருக்கும் போனேன். ஒழுங்கையில் கண்டவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள்: “எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?” ஒருவர்கூட, ஒருவர்கூட, இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. இங்கே என்னைப் பார்க்கிற எவரும் கேட்பது, எங்கிருந்து வந்தாய் என்று. வந்ததும் போவதும்தான் நான். இருப்பது எங்கே?

முள்ளுக்கம்பிப் படம் மாட்டிய அந்தக் காட்சியின் முதல் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நல்ல சேலை உடுத்து வந்தா. தன் படத்துக்கு முன்னால் நின்றா. பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் என் பெயருக்குக் கீழே ‘போரில் தப்பிய ஓவியர்’ என்று இருந்தது; அதை அவவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்தை வாசித்தா. கிட்டப்போய்க் கம்பியைப் பார்த்தா. என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “எனக்குப் பின்னால ஏனடா முள்ளுக்கம்பி? நான் கோயிலுக்குப் போகவெல்லே நிண்டனான்?” என்றா.

மழையில் என் படங்களைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போய்விட்டா. கம்பி இல்லாமல் அவவைத் திருப்பிக் கீறப் பார்க்கிறேன். சப்பாத்து வருகிறது, ஜக்கெற் வருகிறது. அந்தச் சேலைக்கரை வருகுதில்லை. கம்பி கீறுவதற்கு முன்னால் அந்தப் படத்தை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

அதை வாங்கிக்கொண்டு போனவரே, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுச் சுவரில் நிற்பவ என் அம்மா. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? அவ கம்பிக்குள் இருந்து தப்பி வரவில்லை. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. பஸ்ஸுக்கு நின்றா.