வர்த்தமானியில் பிறக்கும் நகரங்கள்

நகரம் எவ்வாறு பிறக்கின்றது? துறைமுகத்தை நாடி வணிகர் கூடுவதால் என்பர் சிலர். கோயிலைச் சூழ மக்கள் குடியேறுவதால் என்பர் வேறு சிலர். எமது நாட்டுச் சட்டம் தரும் விடையோ வேறு. ஒரு பிரதேசம் அபிவிருத்தி செய்யப்படவேண்டுமென மந்திரி அபிப்பிராயங் கொண்டு, அதனை வர்த்தமானியில் பிரசுரித்தாற் போதும். அது நகர அபிவிருத்திப் பிரதேசமாகிவிடும். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு கூறுவது இதுவே.

இவ்வதிகாரம் ஒரே நாளில் வானத்திலிருந்து குதித்ததன்று. 1865 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகள் அமைக்கப்பட்டன. 1914 இல் கொழும்பில் கொள்ளைநோய் பரவியது. மறுவருடமே வீடமைப்பு நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் இருக்கவேண்டும், தெருவுக்கு எல்லை வேண்டும் என்றது அச்சட்டம். அதனை நடத்தும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றத்திடமே அது ஒப்படைத்தது. அந்நியன் இயற்றிய சட்டந்தான். ஆயினும் அனுமதி கேட்பவன் தன் ஊர் மன்றத்தின் வாசலிலேயே போய் நின்றான்.

1921 இல் கொழும்புக்குத் திட்டம் வரைந்த பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர், அதற்கு முன் சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்தவர். தஞ்சைக்கோட்டைப் பகுதியைப் பார்த்து அவர் உரைத்த நெறி இன்றும் நினைக்கத்தக்கது. வீடுகளை இடித்து நேர்த்தெரு வெட்டுவதினும், இருப்பதைப் பேணி, தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைப்பதே நல்ல வைத்தியம் என்றார் அவர். நோயை அறியுமுன் மருந்து கொடுத்தலாகாது. 1946 ஆம் ஆண்டின் நகர நாட்டுத் திட்டக் கட்டளைச் சட்டமும், வரைவுத் திட்டத்தைப் பிரசித்தஞ் செய்து ஆட்சேபங்களைக் கேட்க வழி வகுத்தது.

1978 இல் காற்று திசை மாறியது. ஐக்கிய நாடுகளின் உதவியுடன் கொழும்புப் பெருந்திட்டம் தயாராயிற்று. பொருளாதாரக் கதவு திறந்தது. கோட்டையில் புதிய பாராளுமன்றம் எழவேண்டியிருந்தது. வீதிக்கொரு திணைக்களம், நீருக்கொரு திணைக்களம் எனப் பிரிந்து கிடந்த வேலைகளை ஒன்றிணைக்க ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. அத்தேவையை நாம் மறுக்கவில்லை. தேவை நியாயமானது, கொடுக்கப்பட்ட அதிகாரமே அளவு கடந்தது.

அதன் வளர்ச்சியைப் பாருங்கள். 1980 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டப்படி, நகர அபிவிருத்திக்கு ஒரு காணி அவசரமாகத் தேவையென ஜனாதிபதி பிரகடனஞ் செய்தால், உடையவன் நீதிமன்றத் தடையுத்தரவை எதிர்பார்த்தற்கில்லை. நட்ட ஈடு கேட்கலாம், அவ்வளவே. 1982 ஆம் ஆண்டுத் திருத்தம், பிரகடனப்படுத்திய பிரதேசத்தில் உத்தரவுப் பத்திரமின்றி அபிவிருத்தி வேலை எதுவுஞ் செய்யலாகாது என்றது. 2010 இல் இவ்வதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைக்கப்பட்டது. 2015 வரை அந்நிலை நீடித்தது. நகரத்துக்குத் திட்டமிடும் கையும் படையை நடத்தும் கையும் ஒன்றாயிருந்த அவ்வாண்டுகளை எமது மக்கள் எளிதில் மறவார்.

கமக்காரன் கேட்கலாம், “பட்டணத்துச் சட்டத்தால் எனக்கென்ன?” என்று. கமஞ்செய்ய அவனுக்கு உத்தரவு வேண்டியதில்லை. சட்டம் அதனை விலக்கியுள்ளது. ஆனால் மகளுக்குச் சீதனமாக நான்கு பரப்பைப் பிரித்துக் கொடுத்து, அதில் வீடொன்று எழுப்ப நினைக்கும் அன்றே, பட்டணத்துச் சட்டம் அவனுடைய வேலிக்குள் வந்து நிற்கும். அதிகார சபைக்குத் தேவையான காணி பொதுத் தேவைக்குரியதாகவே கருதப்பட்டு, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படலாம். பாட்டன் காலத்து உறுதி பெட்டிக்குள் இருக்க, காணி கைமாறிவிடும்.

பொதுத் தேவை என்னுஞ் சொல் எவ்வளவு இலகுவாக வளையும் என்பதற்கு 2008 இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சான்று. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட காணி, தனியாரின் கொல்ப் மைதானமாயிற்று. அதனைக் கண்டித்த நீதிமன்றம், அரச அதிகாரம் மக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கப்படுவது என எடுத்துரைத்தது. ஆயின், வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போலன்றோ நீதிமன்றத்தை நாடுவது? அணை சட்டத்திலேயே இருத்தல் வேண்டும்.

எனவே நாம் கேட்பது மூன்று. ஒரு பிரதேசத்தைப் பிரகடனப்படுத்துமுன், அங்குள்ள மக்கள் தெரிந்தெடுத்த மன்றத்தின் சம்மதம் பெறப்படவேண்டும். திட்டமும் வரைபடமும் அம்மக்களின் மொழியில் ஊரறிய வைக்கப்பட்டு, ஆட்சேபங்கள் கேட்கப்படவேண்டும். ஒரு தேவைக்கென எடுத்த காணி அத்தேவைக்குப் பயன்படாவிடின், உடையவனுக்கே திரும்பவேண்டும்.

இவை புதுமையான கோரிக்கைகளல்ல. 1987 இல் பதின்மூன்றாந் திருத்தம் உள்ளூராட்சியை மாகாணங்களின் பட்டியலிற் சேர்த்தது வெறும் அலங்காரத்துக்கன்று. சட்டமறிந்தோர் தம் ஊர்க் கமக்காரருக்குப் பிரிவுகளை எடுத்து விளக்கட்டும். கமக்காரர் தம் பிரதேச சபையிற் சென்று கேள்வி கேட்கட்டும். நகரங்கள் வளரட்டும், வீதிகள் விரியட்டும். ஆனால் எமது வாசலில் எவ்வீதி வரவேண்டுமென்பதை, எம்மைக் கேட்ட பின்னரே எழுதுங்கள்.