வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: பணம் கட்டும் முன் பட்டத்தைப் பாருங்கள்

"வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கலாம். பட்டம் தேவையில்லை, 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் போதும்." இப்படிப்பட்ட விளம்பரங்கள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் வலம் வருகின்றன. ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்த பெண் பிள்ளைகளும், மதரஸாவில் ஓதிக்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கும் இளைஞர்களும் இதைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பே. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தந்த நாட்டுச் சட்டம் உண்மையில் எதைக் கேட்கிறது என்று நாம் பார்த்துவிட வேண்டும்.

முதலில் தென்கொரியா. அங்கு ஆங்கிலம் கற்பிக்க வருவோருக்கு இ-2 என்ற விசா தரப்படுகிறது. இளங்கலைப் பட்டம் கட்டாயம். அது எந்தப் பாடமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் விண்ணப்பிப்பவர் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். தாவரவியல் படித்த கனடா இளைஞர் ஒருவருக்கு எளிதில் கிடைக்கும் இந்த விசா, ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். முடித்த நம் பிள்ளைக்கு அதே வழியில் கிடைக்காது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்கென ஒரு சிறு வழியைத் திறந்தது. அதற்கும் பட்டத்துடன் ஆசிரியர் பயிற்சிச் சான்று வேண்டும்.

சீனாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவராக இருப்பதோடு, இளங்கலைப் பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும் வேண்டும் என்பது பொது விதி. டெஃபல் சான்றிதழ் இருந்தால் அந்த அனுபவத்திலிருந்து விலக்கு கிடைக்கலாம், பட்டத்திலிருந்து கிடைக்காது. ஜப்பானில் பள்ளிகளுக்கான ஆசிரியர் விசாவில் கடவுச்சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. பட்டத்துடன், 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்கான ஆதாரத்தையும் கேட்கிறார்கள்.

இந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இவை கற்பிக்கும் திறமையை அளப்பவை அல்ல. யாரை உள்ளே விடுவது என்று வடிகட்டுபவை. இதில் அநீதி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 120 மணி நேரச் சான்றிதழை வாங்கிவிட்டால் அந்த வடிகட்டியைத் தாண்டிவிடலாம் என்று சொல்பவர் நம்மை ஏமாற்றுகிறார்.

நமக்குப் பழக்கமான வளைகுடாவில் நிலை வேறு. அமீரகம், சவூதி, கத்தர், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளிலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் உள்ளன. இங்கு இந்தியக் கடவுச்சீட்டு தடையல்ல. ஆங்கிலத்தில் முறையான பட்டம், பி.எட்., ஓரிரு ஆண்டு அனுபவம் ஆகிய மூன்றும் உள்ளவருக்கே முன்னுரிமை. ஆகவே, ஏஜெண்டிடம் கட்ட நினைக்கும் பணத்தை பி.எட். படிப்புக்குச் செலவிட்டால் அது வீணாகாது. வெளிநாடு அமையாவிட்டாலும் சொந்த ஊர்ப் பள்ளியில் அது கைகொடுக்கும்.

பட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு அரசு சான்றொப்பமும் வேண்டும். அமீரகம் செல்வதானால் மாநில உயர்கல்வித் துறை, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பின்னர் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று பட்டச் சான்றிதழ் பல கை மாற வேண்டும். இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ள அப்போஸ்டில் முறையை ஏற்ற நாடுகளுக்கு இந்த அலைச்சல் குறைவு. சவூதி 2022 டிசம்பரில் அதில் இணைந்தது. இந்தச் சோதனைகளில் போலிச் சான்றிதழ் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம்.

போலிப் பட்டத்தின் ஆபத்தை 2015-ல் உலகமே பார்த்தது. கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை விற்றதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களும் அவற்றை வாங்கியிருந்தார்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் வேலை மட்டும் போகாது. வழக்கு, சிறை, நாடு கடத்தல் வரை செல்லும். பிடிபடாவிட்டாலும், பொய்யைக் காட்டிப் பெற்ற வேலையின் சம்பளத்தில் குடும்பம் சாப்பிடுவது ஹலாலா என்ற கேள்வி நிற்கும்.

மதரஸா மாணவர்களின் பெற்றோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆலிம் ஸனது மார்க்கக் கல்விக்கான மதிப்புமிக்க சான்று. ஆனால் ஆங்கில ஆசிரியர் விசாவில் அது பல்கலைக்கழகப் பட்டத்திற்கு ஈடாகாது. அடுத்து, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கும் பட்டத்தைத் தமிழக அரசே தன் பணிகளுக்கு ஏற்பதில்லை. எனவே ஓதும் காலத்திலேயே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாக முடித்துவிடுவதே பாதுகாப்பு. தொலைநிலைப் பட்டத்தை யு.ஜி.சி. அங்கீகரித்திருந்தாலும், செல்லவிருக்கும் நாடு அதை ஏற்குமா என்பதைத் தனியாகக் கேட்டு அறிய வேண்டும்.

பணம் கட்டும் முன் நான்கைச் சரிபாருங்கள். பட்டம் தந்த பல்கலைக்கழகம் யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் இருக்கிறதா? வேலை தருவதாகச் சொல்லும் நாடு இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஆசிரியர் விசா தருகிறதா? ஏஜெண்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா? பதிவு பெற்றவராக இருந்தாலும் ரூ.30,000-க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணம் கேட்கிறாரா? முக்கியமாக, "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த விவரங்களைப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். ஜும்ஆ முடிந்தபின் அரை மணி நேரம் அவர்களை உட்கார வைத்தால், சில குடும்பங்களின் சேமிப்பாவது காப்பாற்றப்படும், இன்ஷா அல்லாஹ்.