சமநிலை யாருடைய தீர்ப்பு?

சதுரங்கத்தின் இறுதியாட்டம் குறித்து இன்று நம்மிடையே இரு கூற்றுகள் உலவுகின்றன. காய்கள் குறைந்த நிலைகள் அனைத்தையும் கணினி தீர்த்துவிட்டது; எனவே இறுதியாட்டத்தை வருந்திக் கற்பது வீண் என்பது ஒன்று. கணினி 'சமநிலை' என்று காட்டிய பின்னரும் தொடர்ந்து ஆடுவது பண்பற்ற செயல் என்பது மற்றொன்று. பல்கலைக்கழக விடுதிகளிலும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிப் பாடசாலைகளிற் சதுரங்கம் பயிற்றுவோர் சிலரிடையேயும் இக்கூற்றுகள் ஒலிக்கக் கேட்கின்றோம். இவ்விரண்டும் பிழையானவை. அதனினும் மேலாக, மலையக மாணவனுக்குப் பெருந்தீங்கு விளைப்பவை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் கணினிக்குரிய பெருமையைக் குறைவின்றி அதற்கு வழங்கிவிடுவோம். இறுதி முற்றுகை நிலைகளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நகர்த்தலாகக் கணித்து, ஒவ்வொரு நிலைக்கும் வெற்றி, தோல்வி, சமநிலை என்ற முடிவைக் குறித்துவைப்பதே இறுதியாட்ட அட்டவணையின் முறை. மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் பெருங்கணினியைக் கொண்டு 2012 இல் ஏழு காய்கள் வரையான நிலைகள் கணிக்கப்பட்டன. 2018 இல் அதே எல்லையளவான அட்டவணைகள் பொதுப் பயன்பாட்டுக்கும் வந்தன. இரு மந்திரிகள் தனிக் குதிரையை வெல்ல இயலாது என நூற்றாண்டுக்கு மேலாக நம்பப்பட்டு வந்த கருத்தை, 1983 இல் கென் தொம்சன் கணினியின் துணையுடன் தகர்த்தார். பொதுவாக அந்நிலை வெல்லத்தக்கதே. ஆயினும் அதற்கு 66 நகர்த்தல்கள் வரை தேவைப்படலாம். இவையனைத்தும் அறிவுலகின் பேறுகள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின், அட்டவணை கூறும் 'சமநிலை' என்பதன் பொருள் யாது? 'இருவரும் பிழையின்றி ஆடுவாராயின் முடிவு சமன்' என்பதே அதன் முழு வாக்கியம். நம்மவர் முற்பாதியை விழுங்கிவிட்டுப் பிற்பாதியை மட்டும் உரக்கக் கூறுகின்றனர். பிழையின்றி ஆடுவது கணினிக்கு இயல்பு. மனிதனுக்கோ அது சாதனை. அச்சாதனை நிகழுமா என்பதை அறிவதற்காகவே ஆட்டம் ஆடப்படுகின்றது.

சான்றுகள் தொலைவில் இல்லை. 2024 டிசம்பர் 12 ஆம் நாள் சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டத்திலே சென்னை இளைஞர் குகேசும் சீனாவின் டிங் லிரெனும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். இருவரிடமும் ஒரு கோட்டையும் ஒரு மந்திரியும் எஞ்சியிருந்தன; குகேசுக்கு ஒரு காலாள் மிகுதி. கணினிகள் சமநிலை என்றே காட்டின. பார்வையாளர் பலரும் அவ்வாறே முடிவு கட்டினர். குகேஸ் தொடர்ந்து ஆடினார். 55 ஆவது நகர்த்தலில் டிங் தம் கோட்டையைப் பிழையான கட்டத்தில் வைத்தார். கோட்டைகளும் மந்திரிகளும் மாற்றப்பட்டுக் காலாட்கள் மட்டும் எஞ்சியதால் தோல்வி உறுதி எனக் கண்ட அவர் 58 ஆவது நகர்த்தலோடு பணிந்தார். பதினெட்டு வயதில் குகேஸ் உலக வீரரானார். 'வென்றது திறமையன்று, எதிரியின் தவறு' என்று இதனைச் சிலர் குறைகூறினர். தவறிழைக்கத்தக்க நிலையில் எதிரியை மணிக்கணக்காக நிறுத்தி வைப்பது திறமையன்றேல், திறமை என்பது வேறு யாது?

2021 டிசம்பரில் டுபாயிலும் இதுவே நிகழ்ந்தது. கார்ல்சனுக்கும் நெப்போம்னியாச்சிக்கும் இடையிலான ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல்கள் நீண்டது. கோட்டையும் குதிரையும் இரு காலாட்களும் ஒருபுறம், தனி அரசி மறுபுறம். அட்டவணைப்படி அது சமநிலை. ஏழு மணி நேரத்துக்கு மேலாக ஆடிக் களைத்த மனிதனுக்கோ அது சமநிலையாக இருக்கவில்லை. 130 ஆவது நகர்த்தலில் அரசி வழுவியது, ஆட்டமும் போயிற்று. இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். 2014 நவம்பரிற் சோச்சியில் அதே கார்ல்சன், மந்திரியை இரு காலாட்களுக்குப் பலியிட்டிருந்த விசுவநாதன் ஆனந்தை 122 நகர்த்தல்கள் வரை வருத்தினார். ஆனந்த் அசையவில்லை, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. டுபாயில் இழக்கப்பட்ட சமநிலையும் சோச்சியில் ஈட்டப்பட்ட சமநிலையும் கணினிக்கு ஒன்றே. மனிதனுக்கு அவை ஒன்றாகுமா?

கணினியின் தீர்ப்புக்கு அஞ்சுவோர் இழப்பது யாது என்பதற்கு 1997 ஆம் ஆண்டின் நியூயோர்க் ஆட்டம் பாடமாகும். 'டீப் புளூ' கணினியுடனான இரண்டாவது ஆட்டத்திலே கஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். அந்நிலையில் தொடர்முற்றுகையால் ஆட்டத்தைச் சமன்செய்யும் வாய்ப்பு இருந்ததெனப் பின்னர் ஆராய்ந்தோர் காட்டினர். அவ்வழி எவ்வளவு உறுதியானது என்பது வாதத்துக்குரியதாக இருக்கலாம். ஆனால் உலகின் தலைசிறந்த வீரர் அதனைத் தேடிப் பாராமலே எழுந்தார் என்பதே நாம் கருதவேண்டியது. 'இயந்திரம் இத்தகைய வாய்ப்பை விட்டுவைக்குமா?' என்ற நம்பிக்கையே அவரை வீழ்த்தியது.

இனி விதிகளுக்கு வருவோம். காலாள் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருதரப்பும் ஐம்பது நகர்த்தல்களை ஆடிவிடின் சமநிலை கோரலாம் என்பது விதி. கணினி 500 க்கும் மேற்பட்ட நகர்த்தல்களில் வெல்லும் நிலைகளைக் கண்டிருக்கையில் இவ்விதி 'உண்மையான' வெற்றிகளைப் பறிக்கின்றது என்பர் ஒருசாரார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் ஒருகாலத்தில் இவ்வாதத்துக்குச் செவிசாய்த்தது. 1980 களிற் சில நிலைகளுக்கு முதலில் 100, பின்னர் 75 நகர்த்தல்கள் என விதிவிலக்குகள் வகுத்தது. கணினி புதிய நிலைகளைக் காணுந்தோறும் பட்டியலும் நீளவேண்டியதாயிற்று. ஈற்றில் 1992 இல் விதிவிலக்குகள் கைவிடப்பட்டன. எந்நிலைக்கும் ஐம்பதே என்றாயிற்று. அது நன்று. விதி மனிதனின் பொறுமைக்கும் உடலுக்கும் ஏற்ப வகுக்கப்பட்டது; இயந்திரத்தின் நினைவுக்கேற்ப அன்று. 1977 இல் அமெரிக்க வீரர் வோல்டர் பிறவுண், அரசி கொண்டு கோட்டையை வெல்லும் நிலையில் 'பெல்' கணினியுடன் மோதினார். 31 நகர்த்தல்களில் முடிக்கத்தக்க அந்நிலையை முதன்முறை ஐம்பதுக்குள் அவரால் வெல்ல இயலவில்லை. பின்னர் தனித்திருந்து பயின்று மீண்டும் அமர்ந்தார்; ஐம்பதாவது நகர்த்தலிலே வென்றார். அந்த எல்லை இல்லையேல் அப்பயிற்சிக்கு உந்துதல் ஏது?

இவையெல்லாம் மலையக மாணவனுக்கு எவ்வாறு பொருந்தும்? இன்று லயன் அறையிலுள்ள கைத்தொலைபேசியிலும் கஸ்பரோவை வெல்லத்தக்க கணினி நிரல் இயங்கும். கொழும்பு மாணவனுக்குக் கிட்டும் தீர்ப்பே ஹட்டன் மாணவனுக்கும் கிட்டும். ஆனால் தீர்ப்புச் சமமாயின் திறமையும் சமம் என மயங்குதல் ஆகாது. தொடக்க ஆட்டத்துக்குக் கட்டணப் பயிற்சியும் ஓயாது பெருகும் தரவுகளும் வேண்டும். இறுதியாட்டத்துக்கோ ஒரு பலகையும் ஒரு கடிகாரமும் எதிரே ஒரு தோழனும் போதும். வசதி குறைந்தவன் வசதி மிக்கவனோடு சமமாக நிற்கக்கூடிய களம் இதுவே. இதனைத்தான் 'வீண்' என்று கூறி அவனிடமிருந்து பறிக்கின்றோம்.

மேலும், சமநிலை தானாக வந்து சேர்வதன்று, கோரிப் பெறவேண்டியது. ஒரே நிலை மும்முறை தோன்றினும் ஐம்பது நகர்த்தல்கள் நிறைவெய்தினும் ஆடுபவன் தன் முறை வரும்போது நடுவரிடம் முறைப்படி கோரவேண்டும். காயைத் தொட்டுவிடின் அம்முறைக்குரிய கோரிக்கை பறிபோகும். ஐந்துமுறை மீளல், 75 நகர்த்தல் ஆகியவற்றில், 2014 முதல், கோரிக்கையின்றி ஆட்டம் முடிவுறும். கோரிக்கைக்குச் சான்று அவன் எழுதிய குறிப்புத்தாளே. எழுத்துச் சான்றில்லாதவன் உரிமை என்னவாகும் என்பதை மலையகம் அறியும். 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை கிட்டியதோ ஏறத்தாழ 134,000 பேருக்கே. ஆவணமின்மையால் தள்ளப்பட்டவை பல. தராசின் முன்நின்று தன் கொழுந்தின் நிறை சரியாகப் பதியப்படுகின்றதா என்று பார்க்கும் தாயின் பிள்ளைக்குக் குறிப்புத்தாளின் பெறுமதியை விளக்குதல் கடினமன்று. விளக்க நாம் முன்வருவதில்லை என்பதே குறை.

எனவே, விடுமுறைக் காலங்களிலே தோட்டப் பாடசாலைகளுக்குச் சதுரங்கம் பயிற்றச் செல்லும் நம் மாணவரிடம் மூன்றினை வேண்டுகின்றோம். இறுதியாட்டத்தை முதலிற் கற்பியுங்கள். சமநிலை விதிகளையும் அவற்றைக் கோரும் முறையையும் குறிப்புத்தாள் எழுதும் பழக்கத்தோடு சேர்த்தே கற்பியுங்கள். கணினியை ஆட்டம் முடிந்த பின்னரே திறவுங்கள். அது ஆசானாக இருக்கட்டும், நடுவராக அன்று.

தோற்கும் நிலையிலுள்ள சிறுமி ஒருத்தி ஐம்பது நகர்த்தல்களையும் எண்ணி, எழுதி, தலைநிமிர்ந்து 'சமநிலை கோருகிறேன்' என்று உரைப்பாளாயின், எந்த அட்டவணையும் அவளுக்கு வழங்க இயலாத ஒன்றை அவள் தானே ஈட்டியவளாவாள்.