உழுபவருக்கா, உழுவிப்பவருக்கா?

கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் என்னை அடிக்கடி இடறச் செய்யும் சொல் ‘விவசாயி’. நம் பழைய உரையாசிரியர்கள் வேளாளரை உழுதுண்போர், உழுவித்துண்போர் என்று பிரித்தே பேசினர். இன்றைய ‘விவசாயி’ அவ்விருவரையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. அத்தகைய மூடலின்மீது அரசு மானியம் கட்டப்பட்டால் என்ன நேரும்? அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பாயின்செட் மாவட்டம் இதற்குச் சான்று.

பெருமந்தத்தில் வீழ்ந்த பருத்தி விலையை உயர்த்த, ரூஸ்வெல்ட் அரசு 1933இல் வேளாண் சரிசெய்தல் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாகுபடிப் பரப்பைக் குறைப்போருக்கு அரசு பணம் தரும். 1934–35 ஒப்பந்தப்படி, தரிசாக விட்ட நிலத்துக்குப் பவுண்டுக்கு 3.5 சென்ட் வாடகை. அது முழுவதும் நிலவுடைமையாளருக்கே. கூடுதலாகத் தரப்பட்ட 1 சென்ட் மட்டும் இருவருக்கும் பங்கு. ஆக, பாதி வாரத்துக்கு உழுதவருக்கு 4.5 சென்டில் சேரவேண்டியது அரை சென்ட்! வாரதாரர்களை ‘இயன்றவரை’ வெளியேற்றக் கூடாது என்றொரு விதியும் இருந்தது. ‘இயன்றவரை’ என்ற சொல்லின் இடுக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீதிக்குத் தள்ளப்பட்டன.

1934 ஜூலையில் அம்மாவட்டத்தின் டைரோன்சாவில் வெள்ளையர் 11 பேரும் கறுப்பர் 7 பேரும் கூடித் தெற்கத்திய குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினர். இன ஒதுக்கல் கோலோச்சிய மண்ணில் அது எளிய செயலன்று. வாரதாரர்களைப் பாதுகாக்கும் வகையில் ஒப்பந்தத்துக்கு விளக்கம் தந்த அரசு வழக்குரைஞர்களோ 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டனர். வர்க்கச் சார்பற்ற மானியம் என்று எதுவுமில்லை.

அந்த வழி இன்றும் மாறவில்லை. அமெரிக்கப் பயிர் மானியங்களில் முக்கியமானவை பழைய சாகுபடிப் பதிவின் பரப்பைக் கணக்கிட்டு வழங்கப்படுகின்றன. அப்பயிரை இவ்வாண்டு பயிரிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நிலம் பெருகப் பணமும் பெருகும். ஒருவருக்கான உச்சவரம்பைப் பல பங்குதாரர்களைக் காட்டிப் பெரும் பண்ணைகள் தாண்டிச் செல்கின்றன. அவ்வரம்பும் 2025 சட்டத்தில் 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 டாலராக உயர்த்தப்பட்டது. அதே அரசுதான் இந்தியாவின் குறைந்தபட்ச ஆதரவு விலையை உலக வர்த்தக அமைப்பில் குற்றம்சாட்டுகிறது.

எனவே மானியமே கூடாது என்பது நம் முடிவாகாது. அது ஏகாதிபத்தியத்தின் குரல். யார் கையில் சேர்கிறது என்பதே நம் கேள்வி. 2019இல் தொடங்கிய பிஎம்-கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே தருகிறது. தெலங்கானாவின் 2018 ரைத்து பந்து திட்டம் ஏக்கர் கணக்கில் பணம் தந்தது. நில உச்சவரம்பு வைக்கவில்லை, குத்தகையாளரைச் சேர்க்கவுமில்லை. ஆந்திரத்தின் 2019 சாகுபடியாளர் உரிமைச் சட்டம் குத்தகையாளரை ஏற்றது. ஆனால் நிலவுடைமையாளரின் கையொப்பத்தைக் கேட்டது. கையொப்பமிட்டால் நிலம் போய்விடும் என்று அஞ்சுபவர் எப்படி இடுவார்?

இங்கே நமக்குள்ளும் ஒரு தயக்கம் உண்டு. இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரில் கூலிவேலை செய்பவரும் நம் விவசாய சங்கத்தில் இருக்கிறார். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய உடைமைக்குச் சட்ட உறுதி தரலாம். சாகுபடியாளர் யார் என்பதை உடைமையாளர் கையொப்பமின்றிக் கிராம சபை விசாரித்துப் பதிவு செய்யலாம். பெண் பெயரில் பட்டா இல்லாவிடினும், நாற்று நடுபவள் அவளெனில் அப்பதிவில் அவள் பெயரும் இடம்பெற வேண்டும்.

தோழர்களே, அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் ‘விவசாயிகளுக்கு மானியம்’ என்று எழுதி நிறுத்திவிட வேண்டாம். ‘சாகுபடி செய்பவருக்கு’ என்று எழுதுவோம். ஒரு சொல்தான், அரை சென்ட்டுக்கும் நாலரை சென்ட்டுக்கும் இடையிலான தூரம் அதற்குள் அடங்கியிருக்கிறது.