லிங்க்கா, பட்டனா?

போன வாரம் ஓபி-ல ஒருத்தர். இருபது வருஷ சுகர், ரெட்டினோபதில ரெண்டு கண்ணுலயும் பார்வை ரொம்பக் குறைஞ்சிடுச்சு. ஆனா போன்ல டாக்பேக் வச்சு எல்லாத்தையும் தானே பண்ணிக்குவார். ரெட்டினா டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ஒரு தனியார் தளத்துல போட்டிருந்தார். அது கேன்சல் ஆயிடுச்சு. "நான் எதுவும் பண்ணல சார்"ங்கறார்.

போனை வாங்கிப் பார்த்தேன். புக்கிங்குக்குக் கீழ "கேன்சலேஷன்"னு ஒரு வார்த்தை. டாக்பேக் அதை "லிங்க்"னு படிக்குது. லிங்க்னா வேற பக்கம் திறக்கும், விதிமுறை இருக்கும், படிச்சுப் பார்ப்போம்னு தட்டியிருக்கார். "நிச்சயமா?"ன்னு ஒரு கேள்விகூட இல்லாம புக்கிங் காலி. அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு. ரத்தம் கசியுற ரெட்டினாவுக்கு மூணு வாரம் சின்ன விஷயம் இல்லீங்க.

நமக்கு நிறம், வடிவம் தெரியும். அவருக்குக் காதுல விழற அந்த ஒரு சொல்தான் எல்லாம். லிங்க், வார்டுக்கு வழி காட்டுற போர்டு மாதிரி, உங்களை இன்னொரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகும். பட்டன், பெட் பக்கத்துல இருக்கற காலிங் பெல் மாதிரி, அமுக்கினா ஒரு வேலை நடக்கும். (நம்ம ஜிஎச்-ல பெல் எங்கன்னு கேக்காதீங்க.) கேன்சல் பண்றது, பணம் கட்டுறது, ஃபார்மை அனுப்புறதெல்லாம் பட்டன் வேலை.

இதைவிட மோசம், வெறும் 'டிவ்'வுக்கு கலர் அடிச்சு பட்டன் வேஷம் போடுறது. மவுஸ் பிடிக்க முடியாதவங்க கீபோர்டுல டேப் தட்டிட்டே போனா அது மாட்டவே மாட்டாது. கை நடுக்கம் இருக்கற பார்கின்சன்ஸ் பேஷன்ட்டுகளையும் யோசிங்க.

"டிசைன்ல லிங்க்தான் அழகா இருக்கு"ன்னு டெவலப்பர் நண்பர் சொல்றார். அழகு சிஎஸ்எஸ் வேலைங்க. பட்டனை எப்படி வேணா காட்டிக்கோங்க, உள்ள பட்டனா எழுதுங்க. தளம் கட்டுறவங்க மவுஸை ஓரமா வச்சிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ் மட்டும் வச்சு ஒரு புக்கிங் போட்டு, கேன்சலும் பண்ணிப் பாருங்க. பத்து நிமிஷம் ஆகுமா?

இது தயவு பண்ற விஷயமும் இல்ல. டிஜிட்டல் வசதியை அணுகுறது 21-வது பிரிவு தர்ற வாழ்வுரிமையோட பகுதின்னு 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு.

அந்தத் தளத்துக்கு மெயில் போட்டேன். "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம்"னு பதில். அவருக்கு ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணிப் பேசி, இந்த வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கிட்டோம்.