அதிமானுடரின் ஆடை: அற்ப வாதமா, உரிமை வாதமா?

'சுப்பர் ஹீரோ' என வழங்கப்பெறும் அதிமானுட வீரரைப் பற்றிய திரைப்படமொன்று வெளிவரவுள்ளது என்ற செய்தி கிட்டிய மாத்திரத்தே நம் மாணவரிடை எழும் முதல் வாதம் கதையைப் பற்றியதன்று, நெறியாளரைப் பற்றியதுமன்று. வீரன் அணியும் உடுப்பைப் பற்றியதே அது. சிவப்பு எத்தகைய சிவப்பு, தோளிலிருந்து தொங்கும் போர்வை முழங்காலுக்குக் கீழ் இறங்குகின்றதா, முகமூடியின் கண்கள் வெண்மையாயுள்ளனவா என்றெல்லாம் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் ஆறிப்போகும்வரை விவாதிப்பர். இதனைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம் கலைப்பீடத்தில் இரு சாரார் உளர். இஃது ஏகாதிபத்தியம் ஊட்டிய மயக்கம் என்பர் ஒரு சாரார். இலக்கியம் பயில்வோருக்கு அடுக்காத சிறுபிள்ளைத்தனம் என்பர் மறு சாரார். இவ்விரு சாராரும் பிழைபடவே பேசுகின்றனர் என்பது என் துணிபு. வாதிடும் இரசிகர் யாவற்றையும் சரியாகவே உரைக்கின்றனர் என்று கூறவும் நான் வரவில்லை. அவர்களோடும் எனக்கு வழக்குண்டு.

முதலில் இவ்வுடுப்பு எங்கிருந்து வந்தது எனப் பார்ப்போம். 1938ஆம் ஆண்டு சுப்பர்மானை உலகுக்கு அளித்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் ஆகிய இருவரும் கிளீவ்லண்ட் நகரில் வாழ்ந்த, யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். தம் வீரனுக்கு அவர்கள் உடுத்தியது அரசகுலத்து ஆடையன்று, போர்வீரனின் கவசமுமன்று. அக்காலத்துச் சர்க்கஸ் கூடாரங்களிற் பாரந்தூக்கிய பயில்வான்கள் இறுக்கமான உடையின்மேல் அணிந்த குறுங்காற்சட்டையையே அவனுக்கும் அணிவித்தனர். உள்ளே அணியவேண்டியதை வெளியே அணிந்தவன் என்று இன்று எள்ளி நகையாடுவோர், அவ்வுடை உழைக்கும் மக்கள் காசு கொடுத்துப் பார்த்த கூடாரத்திலிருந்து வந்தது என்பதை அறியார். 2013ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அக்குறுங்காற்சட்டை நீக்கப்பட்டது. இரசிகர் ஓயவில்லை. 2025இல் ஜேம்ஸ் கன் நெறிப்படுத்திய படத்தில் அது மீண்டும் இடுப்பில் ஏறியது. ஒரு துண்டுத் துணிக்காகப் பன்னிரண்டு ஆண்டு நீடித்த வழக்கு!

அத்துணியை நீக்கியோர் கூறிய காரணம் யாதெனில், யதார்த்தம். நம்பத்தக்கதாய் இருக்கவேண்டுமாம். அவன் வானிற் பறப்பதை நம்பவேண்டும், கண்ணிலிருந்து நெருப்பை உமிழ்வதை நம்பவேண்டும், ஆனால் அவன் சிவப்புக் காற்சட்டை அணிவதை மாத்திரம் நம்பவியலாது! 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'எக்ஸ்-மென்' படத்தில் வீரர் யாவருக்கும் கருந்தோலாடையை மாட்டிவிட்டு, சித்திரக்கதையில் வந்த மஞ்சள் உடையைப் பாத்திரமொன்றின் வாயாலேயே பரிகாசமும் செய்தனர். அம்மஞ்சள் உடையை வொல்வரீன் திரையில் அணிந்து சண்டையிட இரசிகர் 2024 வரை காத்திருந்தனர். 1989ஆம் ஆண்டின் பட்மானுக்கு அணிவித்த கரிய இறப்பர்க் கவசத்தினுள்ளோ நடிகரால் கழுத்தைத் திருப்பவும் இயலவில்லை. பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பவேண்டியதாயிற்று. யதார்த்தம் என்ற பெயரால் இவர்கள் செய்வது வண்ணத்தைக் கண்டு நாணுதலேயன்றிப் பிறிதன்று. சந்தைச் சிறுவனுக்குப் பிடித்ததை மாளிகைச் சீமான் ஏற்கவேண்டுமெனில் முதலில் அதன் நிறத்தைக் கழுவுகின்றனர்.

இந்நாணம் நமக்கும் புதிதன்று. நம் கூத்தை நினைவுகூர்க. வடமோடிக் கூத்தில் அரசன் களரிக்கு வரும்போது அணிவது கரப்புடுப்பு. கரப்பு என்பது எங்கள் கரையோரத்தார் நன்கறிந்த சொல். கோழியை மூடுவதற்கும் மீனைக் கவிப்பதற்கும் பயன்படும் கூடை அது. அக்கூடைபோல வளையமிட்டு விரிந்த உடையும், கண்ணாடித் துண்டுகள் பதித்த முடியும் தாங்கிக் கூத்தர் இரவிரவாய் ஆடினர். எந்த மன்னன் எந்நாட்டில் இப்படி உடுத்தினான் என்று ஒருவரும் வினவவில்லை. தீப்பந்த வெளிச்சத்தில், நெடுந்தூரத்தில் நிலத்தில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் 'வந்தவன் மன்னன்' என்று தெரியவேண்டும். சுழன்றாடும்போது அச்சுழற்சி பெருகித் தோன்றவேண்டும். உடையின் இலக்கணம் அவ்வளவே. இவ்விலக்கணத்தைத்தான் ஷூஸ்டரும் அறிந்திருந்தார். மலிந்த தாளில் மங்கலாய் அச்சாகும் கட்டங்களில் வீரனைக் கண்டவுடன் அறியச் செந்நிறமும் நீலமும் மஞ்சளுமே உதவின. ஆங்கிலக் கல்வி கற்ற நம்மவர் கூத்தையும் அதன் உடையையும் நாட்டார் கோமாளித்தனமெனப் புறக்கணித்த காலமும் இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபின்னரே அவர்தம் கண் திறந்தது. அப்போதும் வாதம் எழாமலில்லை. விடியும்வரை ஆடிய கூத்தைச் சில மணிநேரத்துக்குள் அடக்கியது சரியா, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏற்றியது சரியா என்று வாதிட்டனர். அவ்வாதத்தை இன்று நம் விரிவுரை மண்டபங்களில் நாடக வரலாறு எனக் கற்பிக்கின்றோம். பரீட்சையிலும் வினாவாய்க் கேட்கின்றோம். அதே வாதத்தைப் பத்தொன்பது வயது மாணவன் ஸ்பைடர்மானைப் பற்றி நிகழ்த்தினால் அற்பம் என்கின்றோம். இது என்ன நியாயம்?

இனி இரசிகரோடு எனக்குள்ள வழக்கு. இவர்கள் வாய்திறந்தால் 'மூலம்' என்கின்றனர். மூலத்தில் உள்ளபடி உடுத்தவேண்டும் என்பதே இவர்தம் வேதம். இக்கோட்பாடு எங்கு கொண்டுசென்று விடும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு நிகழ்ந்தது சான்று. இராமாயணக் கதையை 'ஆதிபுருஷ்' என்னும் பெயரிற் படமாக்கி, அதன் முன்னோட்டத்தை ஒக்டோபர் 2ஆந் திகதி வெளியிட்டனர். இராவணனின் தாடியையும் தலைமுடியையும் உடையையும் கண்டு பலர் வெகுண்டனர். அனுமனுக்குத் தோலாடை அணிவித்தமை தகாது என மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சரே கண்டனம் விடுத்தார். 2023 ஜனவரியில் வரவேண்டிய படம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அப்படம் அழகற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெகுண்டோர் நெஞ்சில் இருந்த 'மூல' இராமன் யார்? 1894இல் இரவிவர்மா அமைத்த அச்சுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வீடு பரவிய வண்ணப்படங்களும், 1987இற் தொலைக்காட்சியில் ஓடிய தொடரும் சமைத்த இராமனே அவன். கம்பனும் வான்மீகியும் அவனைக் கண்டிருப்பின் அடையாளம் கண்டிருப்பார்களோ, அறியேன். இராவணன் நிலையோ இன்னும் விநோதம். வடக்கே அவன் ஆண்டுதோறும் எரியூட்டப்படும் உருவம். பேராதனை மேடையில் சி. மௌனகுரு ஆடிய இராவணனோ முடிதரித்த அவலநாயகன். எது மூலம்? மூலம் என ஒன்றில்லை. முந்திய தழுவலே உண்டு. ஆதலின் 'மூலத்துக்கு மாறானது' என்பது குற்றச்சாட்டாகாது. 'என் வீரனை எவருடைய கண்ணுக்காக இப்படி மாற்றினாய்?' என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இக்கேள்வியின் கூர்மையை நான் நூலிற் கற்கவில்லை. என் ஊர் ஆலங்குடா. கற்பிட்டிக் குடாநாட்டில், மேற்கே கடலும் கிழக்கே புத்தளக் களப்புமாய்க் கிடக்கும் மணற்பூமி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் வந்திறங்கிய ஊர்களுள் அதுவுமொன்று. உடுத்த உடையோடு வந்தோர் அவருட் பலர். உடை என்பது அற்ப விடயம் என எங்கள் ஊரிற் சொல்லிவிட்டு ஒருவர் எளிதில் திரும்பமுடியாது. சாரத்தைத் தோளிற் கட்டிக்கொண்டு தோணியின் அணியத்திலிருந்து மணலிற் குதிக்கும் சிறுவரை அங்கே எந்நாளும் காணலாம். அவர்களுக்கு வீரனாவதற்கு ஒரு சாரம் போதும். என் சாச்சியின் மகள் ஒருநாள் கைத்தொலைபேசியிற் படம் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏன் நானா, பறக்கிறதுக்கு முக்காட்டைக் கழட்டணுமா?" என்றாள். என்னிடம் விடையிருக்கவில்லை.

விடை தேட முயன்றோர் பிறநாட்டில் உளர். 2013இல் பாகிஸ்தானியத் தொலைக்காட்சியில் 'பர்க்கா அவெஞ்சர்' என்னுங் கேலிச்சித்திரத் தொடர் வந்தது. ஜியா என்னும் ஆசிரியை பகலில் முகத்திரையின்றிப் பள்ளியிற் பாடஞ்சொல்வாள்; பெண்பிள்ளைகளின் பள்ளியை மூடவரும் கயவரை எதிர்க்கையில் மாத்திரம் தன்னை மறைக்கும் பொருட்டுக் கரிய பர்தாவை அணிவாள். அவளுடைய படைக்கலம் புத்தகமும் பேனாவும். உடனே எழுந்தது வாதம். அடிமைத்தனத்தின் சின்னத்தை வீரத்தின் சின்னமாக்கலாமா என்றனர் ஒரு பகுதியினர். பட்மானின் முகமூடியைக் கேளாத கேள்வியை இவளிடம் மட்டும் கேட்பதேன் என்றனர் மறுபகுதியினர். அமெரிக்கச் சித்திரக்கதையில் 2014 முதல் தனியிதழாய் வந்த கமலா கான் தன் முதல் உடையை, முஸ்லிம் பெண்கள் நீந்துவதற்கென அமைந்த 'புர்கினி'யிலிருந்து ஆக்கிக்கொண்டாள். 2022இல் அக்கதை தொடராக வந்தபோது உடையை அவள் கையிற் கொடுத்தவள் அவளுடைய தாய். தாயும் மகளும் ஒரு துணியின் மேல் உடன்படுதல் எத்துணை அரிது என்பதை எங்கள் ஊரிற் கேட்டறிக!

நம் நாட்டில் இதே காலத்தில் நடந்தது யாது? 2019 ஏப்ரிலில் உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடுந்தாக்குதல்களின்பின், அம்மாதம் 29ஆந் திகதி முதல் அவசரகால ஒழுங்குவிதியின்கீழ் முகத்தை மறைக்கும் உடை தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் அவசரகால நிலை முடிவுற்றது. ஆனால் அச்சில மாதங்களிற் சந்தையிலும் பேருந்திலும் வைத்தியசாலை வாசலிலும் முகந்திறந்த முக்காட்டையும் கழற்றுமாறு கேட்டவர்களை எம் பெண்கள் மறக்கவில்லை. ஒருத்தி முக்காடிட விரும்பலாம், மற்றொருத்தி விரும்பாதிருக்கலாம், வீட்டார் வற்புறுத்துவதும் அரசு வற்புறுத்துவதும் எனக்கு ஒன்றே. சிற்றுண்டிச்சாலை வாதத்துக்கும் அமைச்சரின் கண்டனத்துக்கும் இடையே உள்ள வேற்றுமையை இரசிகர் இவ்விடத்திற் கண்டுகொள்ளவேண்டும். பார்ப்பவன் வழக்காடலாம், தூற்றலாம், சீட்டெடுக்காது விடலாம். ஆணையிடும் அதிகாரத்தை அவன் எவரிடமும் ஒப்படைத்தலாகாது. 'ஆதிபுருஷ்' விடயத்தில் அமைச்சருக்குக் கைதட்டிய இரசிகர் தம் கையிலிருந்த வழக்கையே பறிகொடுத்தனர்.

ஏகாதிபத்தியம் என்போருக்கும் ஒன்று கூறுவேன். பணம் கம்பனிகளுக்கே செல்கின்றது என்பது உண்மை. சுப்பர்மானின் உரிமையைச் சீகலும் ஷூஸ்டரும் 130 டொலருக்கு விற்றனர். அதிலிருந்து பிறர் ஈட்டியதற்குக் கணக்கில்லை. ஓய்வூதியமாக ஒரு தொகையைப் பெற அவர்கள் 1975 வரை போராடவேண்டியிருந்தது. நம் மாணவர் விவாதிக்குந்தோறும் அக்கம்பனிகளுக்கு இலவச விளம்பரம் கிட்டுவதும் உண்மையே. ஆயின் இதற்கு மருந்து, மாணவரை வாய்மூடச் சொல்வதா? படைத்தவனிடமிருந்து பறிக்கப்பட்ட பொருளைப் பற்றிப் பார்ப்பவனும் பேசாதொழிந்தால் அது முழுவதும் கம்பனிக்கே உரியதாகிவிடுமன்றோ?

'முதலில் தமிழுக்கு ஓர் அதிமானுடன் வரட்டும்; உடையைப் பின்னர் பேசலாம்' என்று இறுதியாக ஒரு சமாதானம் கூறுவர். வராமலில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக வந்த இரும்புக்கை மாயாவி ஆங்கிலேயப் பிறப்பினன் எனினும் தமிழிலேயே வளர்ந்தவன். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை ஒன்றைத் தவிர உடலும் உடையும் மறைந்துபோகும் அவனைப் பற்றி வாதிட வழியில்லாது போயிற்று. 2012இல் வந்த 'முகமூடி'யில் வீரன் அணிந்தது கடலுக்கப்பாலிருந்து வந்த போர்வையை. மலையாளத்தார் 2021இல் 'மின்னல் முரளி' எடுத்தபோது வீரனைத் தையற்காரனாகவே ஆக்கிவிட்டனர். 2023இல் வந்த 'வீரன்' என்னும் தமிழ்ப் படத்திலோ மின்னல் தாக்கி ஆற்றல் பெற்ற இளைஞன் தன் கிராமத்தைக் காக்கப் புறப்படுகையிற் புதிய உடுப்பெதுவும் தேடவில்லை. ஊரெல்லையில் நின்ற காவற்றெய்வத்தின் கோலத்தையே தரித்துக்கொண்டு குதிரை மீதேறினான். ஊரார் எவரும் அவனை யாரென்று கேட்கவில்லை.